மாலை கழற்றிய மறுநாள்

கார்த்திகை முதல் தேதி விடியற்காலை நான்கு மணிக்கு ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் கறுப்பு வேட்டியும் துளசிமணியுமாக ஆண்கள் வரிசையாகக் காவிரியில் முழுகி எழுவார்கள். அவர்களில் சிலர், முந்தைய நாள் இரவு பத்து மணிக்கு டாஸ்மாக் ஷட்டரை இறக்கும்வரை அங்கே நின்றவர்கள். இனி 41 நாள், சிலருக்கு 48 நாள், ஒரு சொட்டுத் தொடமாட்டார்கள். தரையில் படுப்பார்கள், இரண்டு வேளை குளிப்பார்கள், செருப்புப் போடமாட்டார்கள். பெற்ற தாயும் அவர்களைச் 'சாமி' என்றுதான் கூப்பிடுவாள். சபரிமலைக்குப் போய்த் திரும்பி மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே சிலரைப் பழைய இடத்தில் பார்க்கலாம். அப்போது ஊர் ஒரு தீர்ப்புச் சொல்லும்: "நாற்பத்தொரு நாள் இருக்க முடிஞ்சவனுக்கு நாற்பத்திரண்டாவது நாள் என்ன கேடு? எல்லாம் திமிர்." இந்தத் தீர்ப்பு தவறு என்பதுதான் இங்கே என் வாதம். அந்த நாற்பத்தொரு நாளைத் தாங்கியது எது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால், குடிநோயைப் பற்றி மட்டுமின்றி, எதை ஊனம் என்கிறோம் என்பதைப் பற்றியும், ஸ்ரீரங்கத்தில் பல நூற்றாண்டுகளாக நடந்துவரும் ஒரு வேதாந்தச் சண்டையைப் பற்றியும் திரும்ப யோசிக்க வேண்டிவரும்.

மாலையைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். அதில் முதலில் இருப்பது நேரம். நாலு மணிக்கு எழுந்தவருக்கு இரவு ஒன்பதுக்கெல்லாம் கண் செருகிவிடும். டாஸ்மாக் திறந்திருப்பது பகல் பன்னிரண்டு முதல் இரவு பத்து வரை. அந்தப் பத்து மணி நேரத்தில் அவருக்கு வேலை இருக்கிறது, வேலை முடிந்தால் குளியல், குளித்தால் விளக்கு, விளக்கேற்றினால் சரணம், அதன்பின் யாராவது ஒரு சாமி வீட்டில் பஜனை. அடுத்தது பணம். குருசாமியிடம் கட்ட வேண்டிய தொகை, இருமுடிக்கு, பூஜைக்கு என்று போய்விடுவதால் சட்டைப்பையில் அது சும்மா கிடப்பதில்லை. அடுத்தது ஆள். கட்டிங் போடக் கூப்பிடும் கூட்டாளியே 'சாமி நீங்க வராதீங்க' என்று விலகிப் போகிறான். மறுத்துப் பேசும் சாமர்த்தியம்கூட இவருக்குத் தேவைப்படுவதில்லை; கழுத்தில் கிடக்கும் மணி இவருக்காக மறுத்துவிடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலே அந்தச் சொல் இருக்கிறது. நேற்றுவரை வாசலில் விழுந்து கிடந்தவனைத் தெரு முழுக்கச் சாமி என்கிறது. அதற்கு அவன் தகுதிப்பட்டவனா என்று யாரும் விசாரிப்பதில்லை. மாலை போட்டால் சாமி, அவ்வளவுதான். காலை இழுத்து நடப்பவருக்கு ஊன்றுகோல் எப்படியோ அப்படித்தான் இந்த ஏற்பாடு. கோலோடு நாற்பத்தொரு நாள் நடந்தவரிடமிருந்து கோலைப் பிடுங்கிக்கொண்டு, அவர் விழுந்ததும் 'இத்தனை நாள் நடந்தவன்தானே' என்று யாரும் ஏசமாட்டார்கள். குடிப்பவரிடம் மட்டும் அதைச் சொல்கிறோம். (ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். காலையில் டீ டம்ளரைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கும் அளவுக்கு முற்றியவர்கள், மாலை போட்டோ போடாமலோ, மருத்துவர் துணையின்றித் திடீரென நிறுத்தக் கூடாது. முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், மூன்றாம் நாளையொட்டிப் பிதற்றலும் பிரமையும் வரலாம், உயிரே போகலாம். விரதம் பெரிதுதான். ஆனாலும் அது பி-1 ஊசிக்கும் மருத்துவமனைக் கட்டிலுக்கும் மாற்றாகாது.)

இனி அந்தச் சண்டைக்கு வருவோம். பிள்ளை லோகாசாரியரும் வேதாந்த தேசிகரும் ஏறக்குறைய ஒரே காலத்தவர்கள், முன்னவர் மூத்தவர். 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்ரீரங்கம் படையெடுப்பில் சூறையாடப்பட்டபோது லோகாசாரியர் உற்சவ மூர்த்தியான நம்பெருமாளைத் தூக்கிக்கொண்டு தெற்கே போனார். தேசிகர் ஒரு வியாக்கியானச் சுவடியைக் காப்பாற்றினார் என்று குருபரம்பரை சொல்லும். மனிதனைக் கடைத்தேற்றுவது கடவுளின் அருள்தான் என்பதில் இருவருக்கும் பேதமில்லை. அந்த அருள் இறங்க மனிதன் பக்கத்திலிருந்து ஏதாவது ஒன்று வேண்டுமா என்பதில்தான் பேதம். தாயின் வயிற்றைக் குட்டி இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும் என்பது குரங்குக் குட்டி நியாயம். இது தேசிகரைப் பின்பற்றும் வடகலையாரின் பெயரில் வழங்குகிறது. குட்டி ஒன்றும் செய்ய வேண்டாம், தாயே கவ்விக்கொண்டு போகும் என்பது பூனைக் குட்டி நியாயம். இது லோகாசாரியரைப் பின்பற்றும் தென்கலையாருடையது. காரணமில்லாத கிருபை என்றால் கடவுள் பாரபட்சமுள்ளவர் ஆகிவிடமாட்டாரா, ஒருவனைத் தூக்கி இன்னொருவனை விட்டதற்கு என்ன நியாயம் என்று வடகலைக் கட்சி கேட்கும். அதனால் ஒரு வியாஜம், பெயருக்கு ஒரு சாக்காவது வேண்டும் என்று சொல்லும். பசு தன் கன்றின் மேலுள்ள அழுக்கை நக்கி எடுப்பதுபோலக் கடவுள் குற்றத்தையே போக்யமாக, அதாவது சுவைக்கத் தக்கதாகக் கொள்கிறார், கன்றைக் குறிக்கும் வத்ஸம் என்ற சொல்லிலிருந்துதான் வாத்சல்யமே வந்தது என்று தென்கலைக் கட்சி பதில் சொல்லும். குற்றத்தைக் காணாதவர்போல இருப்பார் என்பது வரைக்கும்தான் வடகலையார் வருவார்கள்.

இந்தச் சண்டையில் நாமம் எந்த வடிவம் என்பதைத்தான் ஊர் நினைவில் வைத்திருக்கிறது. நமக்கு வேண்டியது வேறு. இரு கட்சியும் சரணாகதிக்குத் தகுதி என்று எதைச் சொல்கின்றன? ஆகிஞ்சன்யம். கையில் ஒன்றுமில்லாமை, என்னால் முடியவில்லை என்பது. தேசிகர் கட்சி வரிசைப்படுத்தும் அங்கங்களில் கார்ப்பண்யம் ஒன்று. தன் இயலாமையை உணர்வதுதான் அது. இறுகப் பற்ற வேண்டும் என்று சொல்லும் குரங்குக் கட்சிகூட, முதலில் யோக்கியனாகு, பிறகு வா என்று சொல்லவில்லை. 1935-ல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் பில் வில்சனும் டாக்டர் பாப் ஸ்மித்தும் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) இயக்கத்தின் முதல் படியும் இதுவேதான்: மதுவின் முன் எங்களுக்குச் சக்தியில்லை என்ற ஒப்புதல். ஸ்ரீரங்கத்து ஆசாரியர்களைப் படித்து அவர்கள் இதைச் சொல்லவில்லை. விழுந்தவனின் நிலைமையைக் கூர்ந்து பார்த்த இரண்டு மரபுகள் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. நம் வீடுகளும் ஊரும் ஆஸ்பத்திரியும் வைத்திருக்கும் விதியோ இரண்டு கலையையும் விடக் கடுமையானது. முதலில் நிறுத்தட்டும், பிறகு சோறு. முதலில் திருந்தட்டும், பிறகு வேலை. முதலில் மூன்று மாதம் சுத்தமாக இருந்து காட்டட்டும், பிறகு மகளின் கல்யாணப் பேச்சில் சேர்த்துக்கொள்ளலாம். குரங்குக் குட்டியிடம்கூட யாரும் சான்றிதழ் கேட்டதில்லை.

உவமைகளை ஆசாரியர்கள் விட்ட இடத்திலிருந்து இன்னும் சற்று நீட்டலாம். பூனை குட்டியைக் கவ்விக்கொண்டு திரிவது சில வாரங்கள்தான். பிறகு அது கொன்ற எலியைக் கொண்டுவந்து குட்டி முன்னால் போடும். சில நாள் கழித்துப் பாதி உயிரோடு போடும். கடைசியில் உயிருள்ளதையே விட்டுவிட்டு விலகி உட்கார்ந்து பார்க்கும். கவ்விய வாய்தான் வேட்டையும் கற்பிக்கிறது. குரங்குக் குட்டியின் பிடி இருக்கிறதே, அது அதன் சாமர்த்தியம் அல்ல. பிறக்கும்போதே விரல்களில் வந்துவிட்ட அனிச்சை, அதுவும் தாய் தந்ததுதான். அப்படிப் பார்த்தால் முயற்சி என்று நாம் பெருமையாகச் சொல்வதும் எங்கிருந்தோ பெற்றதாகிறது. அருள் என்று சொல்வதும் சும்மா சுமந்து திரிவதாக நின்றுவிடுவதில்லை. வைணவத்தில் இதற்கு ஒரு சொல் ஏற்கெனவே இருக்கிறது: கைங்கர்யம். பூத்தொடுப்பது, தீர்த்தம் சுமப்பது, மடைப்பள்ளியில் அரிசி களைவது. லோகாசாரியர் மரபில் கைங்கர்யம் உபாயம் ஆகாது, அதாவது மோட்சத்துக்குக் கொடுக்கும் விலை அல்ல அது, பேறே அதுதான். தொண்டரடிப்பொடி ஆழ்வார் கதை இதைத் தெளிவாக்கும். நந்தவனம் வைத்து மாலை கட்டிக்கொண்டிருந்த விப்ரநாராயணர் தேவதேவியிடம் மயங்கி எல்லாம் இழந்து, அவள் வாசலில் நின்றார். அவர் திருந்தும்வரை அரங்கன் காத்திருக்கவில்லை. அவர் பெயரைச் சொல்லித் தன் பொன்வட்டிலைத் தானே அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தான் என்கிறது கதை. திருட்டுப்பழி, சிறை, விடுதலை எல்லாம் அதற்குப் பிறகு. வெளியே வந்தவர் திரும்பிப் போனதும் அதே பூந்தோட்டத்துக்குத்தான்.

கதையை ஆதாரமாகக் காட்டுகிறாயே என்று கேட்கலாம். சரி, கணக்குக்கு வருவோம். 1992-ல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர், தெருவில் வாழ்ந்த மனநோயாளிகளுக்கு, குடியையும் போதையையும் விட்டால்தான் வீடு என்ற நிபந்தனையை எடுத்துவிட்டு முதலில் வீட்டைக் கொடுத்தார். பிறகு கனடா ஐந்து நகரங்களில் ஏறக்குறைய இரண்டாயிரம் பேரை வைத்து இதைச் சோதித்தது. நிபந்தனையில்லாமல் வீடு பெற்றவர்கள், வழக்கமான முறையில் விடப்பட்டவர்களைவிட வெகுகாலம் அந்த வீட்டிலேயே தங்கினார்கள். பூனைக் கட்சிக்கு வெற்றி என்று சொல்லிவிட ஆசைதான். ஆனால் அதே சோதனையில், குடியும் போதையும் குறைந்ததில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கவ்விக்கொண்டு போய்ப் பத்திரமான இடத்தில் வைப்பது அவசியம். அதுவே முழுதும் ஆகிவிடாது. எலி இன்னும் மிச்சம் இருக்கிறது.

அந்த மிச்சத்துக்கு வழி, யாரும் எதிர்பாராத ஒரு பக்கத்திலிருந்து வந்தது. நேதன் அஸ்ரின் என்ற அமெரிக்க உளவியலாளர், விடுதிகளில் காலங்காலமாக அடைபட்டுக் கிடந்த அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்குக் கழிப்பறை பழகக் கற்றுக்கொடுக்கும் முறையை 1971-ல் வகுத்தவர். இவர்களுக்கு வராது என்று எழுதிவைக்கப்பட்டவர்களுக்கு வரவைத்தார். அதே அஸ்ரின்தான் ஜார்ஜ் ஹன்ட்டோடு சேர்ந்து 1973-ல் குடிநோயாளிகளுக்கு ஒரு திட்டம் போட்டார். உபதேசம் கிடையாது. வேலை தேடக் கற்றுக்கொடுப்பது, கணவன் மனைவி ஒருவரிடம் ஒருவர் ஒரு காரியத்தை எப்படிக் கேட்பது என்று பயிற்சி, குடியில்லாமல் சனிக்கிழமை மாலை கூடிப் பேச ஒரு மன்றம். பதினாறு பேர் மட்டும் கொண்ட சிறிய ஆய்வு அது. வெளியே வந்தபின் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் நூற்றுக்கு 79 நாள் குடித்தார்கள். இந்தத் திட்டத்தில் இருந்தவர்கள் 14 நாள். எண் சிறிது என்பதால் இதை வேதமாக்க வேண்டாம். ஆனால் பிறகு பல இடங்களில் திரும்பத் திரும்பச் செய்து பார்த்து நிலைத்துவிட்ட முறை இது. விடுதியில் அடைபட்டவருக்குக் கழிப்பறை பழகக் கற்றுக்கொடுத்த கையும், குடிப்பவருக்குச் சம்பள நாளைக் கடக்கக் கற்றுக்கொடுத்த கையும் ஒன்றே என்பதுதான் இதில் என்னை நிறுத்தும் செய்தி.

சிறப்புப் பள்ளி ஆசிரியை எப்படிக் கற்பிக்கிறார் என்று பாருங்கள். சட்டை போடுவது நமக்கு ஒரே காரியம். அவருக்கு அது பத்துப் பன்னிரண்டு காரியம். எல்லாவற்றையும் அவரே செய்துவிட்டுக் கடைசிப் பொத்தானை மட்டும் குழந்தையிடம் விடுவார். அது வந்ததும் கடைசி இரண்டு. முதலில் குழந்தையின் கைமேல் தன் கை, பிறகு முழங்கையில் ஒரு தொடுதல், பிறகு ஒரு சொல், பிறகு வெறும் பார்வை, பிறகு அதுவும் இல்லை. துவாக்குடிப் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் வெல்டிங் செய்பவரின் சனிக்கிழமையை இந்த மாதிரிப் பிரித்தால் என்ன வரும்? ஆறு மணிக்குக் கூலி கைக்கு வருகிறது. மதியம் சரியாகச் சாப்பிடவில்லை, பசி. பையில் பணம், பக்கத்தில் கூட்டாளி. பஸ் ஸ்டாப்புக்குப் போகும் வழியில் கடை. 'குடிக்காதே' என்பது இதில் எந்தப் படியிலும் இல்லை. இருப்பவை எல்லாம் சின்னச் சின்னக் காரியங்கள்: கூலியை வீட்டுக்காரி கணக்குக்குப் போடச் சொல்வது, ஐந்து மணிக்கே நாலு இட்லி சாப்பிட்டுவிடுவது, வேறு வழியாகப் போவது, கூட்டாளி கூப்பிட்டால் சொல்வதற்கு ஒரு வாக்கியத்தை முன்கூட்டியே மனப்பாடம் செய்து வைப்பது, ஏழு மணிக்கு ஒருவருக்குப் போன் பண்ணுவது. பல வருஷம் குடித்தவரின் மூளையில் அடிபட்டிருப்பது பெரும்பாலும் திட்டமிடும், தடுத்து நிறுத்தும் பகுதிதான். மாதக்கணக்கில் குடிக்காமல் இருந்தால் அதில் கணிசமானது மீளும். மீளும்வரை அந்த வேலையை வெளியில் இருந்து யாராவது செய்ய வேண்டும். முழங்கையில் அந்தத் தொடுதல்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டமும் மனநோய்க்குக் கிட்டத்தட்ட ஒரே வரையறையைத் தருகின்றன: சிந்தனை, மனநிலை, நினைவு முதலானவற்றில் ஏற்படும் கோளாறு, வாழ்க்கையின் சாதாரணத் தேவைகளைச் சமாளிக்கும் திறனைக் கடுமையாகக் குலைப்பது. ஆனால் முதல் சட்டத்தில் மது, போதைப் பழக்கத்தோடு தொடர்புள்ள மனநிலைகளும் அதில் அடங்கும் என்று ஒரு தொடர் கூடுதலாக உண்டு. இரண்டாவதில் அது இல்லை. மருந்து கொடுக்கும்போது அவர் நோயாளி. மருந்து முடிந்து வாசலுக்கு வந்து, குளிப்பதற்கும் கணக்குப் பார்ப்பதற்கும் வேலைக்குப் போவதற்கும் கை கேட்கும்போது அவர் யாரும் அல்ல. இத்தனைக்கும் மனநோயால் வரும் ஊனத்தை அளக்க இங்கே பயன்படும் அளவுகோல் முக்கியமாகப் பார்ப்பது நான்கு விஷயங்கள்: தன்னைப் பராமரித்துக்கொள்வது, மற்றவரோடு பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை. எந்தக் குடிநோயாளியின் மனைவியைக் கேட்டாலும் இந்த நான்குக்கும் அரை மணி நேரத்தில் மதிப்பெண் போட்டுவிடுவார். மற்ற நாடுகளும் இதில் ஒருமுகமாக இல்லை. அமெரிக்காவின் ஊனமுற்றோர் சட்டம் குடிநோயை உள்ளே வைக்கிறது. பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டத்தின் விதிகள் பெயர் சொல்லி வெளியே வைக்கின்றன. விளைவு நம் ஊரில் எப்படி என்பதற்கு 2019-ல் மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்திய ஆய்வில் ஓர் எண் கிடைக்கிறது: குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் எந்தவிதமான சிகிச்சையோ உதவியோ பெற்றிருக்கிறார்.

முதல் ஆட்சேபம் வீட்டுக்குள்ளிருந்தே வரும். தாங்கித் தாங்கித்தானே கெட்டான்? அவனுக்குக் காய்ச்சல் என்று ஆபீசுக்குப் போன் பண்ணுவது, கடன்காரனுக்குத் தாலிச் சங்கிலியை அடகு வைத்துக் கொடுப்பது, வாந்தியைக் கழுவிவிட்டு மாமியாரிடம் மறைப்பது. இதெல்லாம் பூனைத் தாய்மை இல்லையா? தேசிகர் கட்சி கேட்டதும் இதைத்தான்: குற்றத்தையே சுவைக்கும் கடவுள் என்றால், குற்றம் செய்ய லைசென்ஸ் கொடுத்ததாகாதா? வலுவான கேள்வி, சிரித்து ஒதுக்க முடியாது. ஆனால் பூனை குட்டியைக் கவ்வுவது நெருப்பிலிருந்து அப்பால் கொண்டுபோக. குட்டி மறுபடி அங்கே போய் உட்கார வசதியாக நெருப்பை மூடி மறைப்பதற்கு அல்ல. ஆளைத் தாங்குவது வேறு, குடி கொண்டுவரும் விளைவைத் தாங்குவது வேறு. பொய்க் காய்ச்சல் சொல்வது இரண்டாவது. மருத்துவமனைக்குக் கூடப் போவது, அவர் குடிக்காத வேளையில் தட்டில் சோறு போட்டு எதிரில் உட்காருவது முதலாவது. இந்த வேறுபாட்டைத் தமிழ்நாட்டில் வேரூன்றச் செய்ததில் சாந்தி ரங்கநாதனுக்குப் பெரும் பங்கு உண்டு. குடிநோயால் கணவரை 1979-ல் இழந்தவர், 1980-ல் சென்னையில் அவர் பெயரிலேயே அறக்கட்டளை தொடங்கி, டி.டி.கே. மருத்துவமனையில் மனைவிமாருக்கும் சிகிச்சையில் பங்கு வைத்தார். 1989 முதல் காவிரிப் படுகையில் மஞ்சக்குடி போன்ற கிராமங்களில், ஊராரின் ஒத்துழைப்போடு, அந்த ஊரிலேயே முகாம் போட்டார்கள். ஊரே கூடித் தாங்கினால் மனைவி ஒருத்தி தனியாகத் தாங்க வேண்டியதில்லை என்பது அதன் கணக்கு. மனைவிக்கு வேறொரு பாரமும் கூடாது: அடி வாங்கிக்கொண்டு தாங்கு என்று எந்தக் கலையும் அவளுக்குச் சொல்ல உரிமை இல்லை. தாங்கும் கடமை ஊருக்கும் அரசுக்கும். விலகும் உரிமை அவளுக்கு.

இரண்டாவது ஆட்சேபம் மாற்றுத்திறனாளிகளிடமிருந்து வரும், அதை இன்னும் மரியாதையோடு கேட்க வேண்டும். பிறவியில் பார்வை இல்லாதவரையும் குவார்ட்டர் வாங்கிக் கெட்டவரையும் ஒரே பெயரில் அடைப்பதா? நாங்கள் கேட்டு வாங்கிக்கொண்டதா இது? ஆனால் 'யார் குற்றம்' என்ற இந்தக் கேள்வியால் அதிகம் காயப்பட்டவர்களே அவர்கள்தான். போன ஜென்மத்துப் பாவம் என்று சொல்லியே எத்தனை தலைமுறையை மூலையில் உட்காரவைத்தோம்! அந்தக் கேள்வியைச் சட்டம் கைவிட்டதுதான் அவர்களுக்கு விடுதலையாக அமைந்தது. இன்று குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கால் போனவருக்கும் அடையாள அட்டை உண்டு. கால் எப்படிப் போனது என்று யாரும் கேட்பதில்லை. அதே குடியால் நிதானம் போனவரிடம் மட்டும் ஏன் கேட்க வேண்டும்? ராமானுஜருக்காகக் கண்ணை இழந்த கூரத்தாழ்வான், தன் கண் போகக் காரணமாயிருந்த நாலூரானுக்கும் தனக்குக் கிடைக்கும் பேறு கிடைக்க வேண்டும் என்று காஞ்சி வரதனிடம் வேண்டியதாகச் சொல்வார்கள். பெறும் பேறு பங்கு போட்டால் குறைந்துவிடும் பொருளல்ல என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அரசின் நிதி அப்படியல்ல, குறையும்; அந்தப் பயம் நியாயம்தான். அதனால்தான் இங்கே கேட்பது இடஒதுக்கீட்டையோ உதவித்தொகையையோ அல்ல, பயிற்சியையும் கூட ஓர் ஆளையும். அதற்கான பணமும் அவர்கள் பங்கிலிருந்து வரவேண்டியதில்லை. 2024-25-ல் மட்டும் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்த வருவாய் 48,344 கோடி ரூபாய். மது கேடு என்று பாட்டிலிலேயே அச்சடிப்பவர்களிடம், கேடு வந்து சேர்ந்த வீட்டுக்கு ஒரு பயிற்சியாளரை அனுப்பக் கேட்பது அதிகப்படியான கோரிக்கை இல்லை.

மூன்றாவது ஆட்சேபம் ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்கு எதிரே நிற்கிறது, 2006 முதல், சிலையாக. மறியல் காலத்தில் கள்ளுக்குப் பயன்படக்கூடாது என்று தன் தென்னந்தோப்பையே வெட்டிச் சாய்த்தவர் பெரியார். ஈரோட்டுக் கள்ளுக்கடை மறியலுக்கு முன்னின்றவர்கள் நாகம்மையும் கண்ணம்மாளும். அவர் வழி வந்தவர்கள் கேட்கலாம்: என்னால் முடியாது, எல்லாம் அவன் செயல் என்று ஒருவனுக்குச் சொல்லிக் கொடுப்பது அடிமைத்தனத்தைக் கற்பிப்பதல்லவா? பகுத்தறிவும் சுயமரியாதையும் அல்லவா அவனுக்குத் தேவை? பகுத்தறிவைப் பற்றி வள்ளுவரே கள்ளுண்ணாமை அதிகாரத்தில் முடிவு சொல்லிவிட்டார். குடித்தவனிடம் நியாயம் பேசுவது, நீருக்குள் மூழ்கியவனை மேலிருந்து தீவட்டி பிடித்துத் தேடுவது போல என்கிறார். பகுத்தறிவாளர் கேட்கும் சான்றும் இருக்கிறது. 2020-ல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு, 27 ஆய்வுகளில் பத்தாயிரத்துக்கும் அதிகமானவர்களைத் தொகுத்துப் பார்த்து, ஏ.ஏ. வழிமுறை முழுக் குடிநிறுத்தத்தில் மற்ற உளவியல் சிகிச்சைகளுக்குச் சமமாகவோ ஒருபடி மேலாகவோ பலன் தருகிறது என்றது. அது எப்படிப் பலன் தருகிறது என்று தேடியவர்கள் கண்டதில் பெரும்பங்கு, கூட்டாளிகள் மாறுவதும், இக்கட்டான நேரத்தைச் சமாளிக்க முடியும் என்ற தைரியம் வருவதும். கடவுளை நம்பாதவருக்கும் அது கிடைக்கும். சுயமரியாதை விஷயத்திலோ பெரியார் கட்சிக்கும் மாலை போட்டவருக்கும் சண்டையே இல்லை. நாற்பத்தொரு நாள் அவருக்குக் கிடைத்தது வேறென்ன? தெருவில் பெயர் சொல்லி, 'டேய்' சொல்லி அழைக்கப்பட்டவருக்கு 'சாமி, சாப்பிட்டீங்களா' என்று ஒரு கேள்வி.

சார்ந்திருப்பது கேவலம் என்ற எண்ணம்தான் இந்த மூன்று ஆட்சேபங்களுக்கும் அடியில் ஓடுகிறது. ஸ்ரீரங்கம் அதை ஒப்புக்கொண்டதில்லை. பாரதந்திரியம், அதாவது பிறரைச் சார்ந்திருத்தல், ஆன்மாவின் குறையல்ல, இயல்பே அதுதான் என்பது இவ்வூர் ஆசாரியர்களின் அடிப்படைக் கொள்கை. ஊர்க் கோயிலும் ஒருவிதத்தில் அதை நடைமுறையாக வைத்திருக்கிறது. 2012 முதல் இங்கே நாள் முழுக்க அன்னதானம், பந்தியில் உட்காருபவரிடம் நேற்று இரவு எங்கே இருந்தாய் என்று யாரும் கேட்பதில்லை. திருச்சியிலிருந்து சேலம் சாலையில் உள்ள குணசீலம் பெருமாள் கோயிலில் மனநோயாளிகள் ஒரு மண்டலம் தங்கி, பூஜை வேளையில் முகத்தில் தீர்த்தம் தெளிக்கப் பெறுகிறார்கள்; அதோடு அரசு உரிமம் பெற்ற மறுவாழ்வு மையமும் அங்கேயே இருக்கிறது. 2001-ல் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்ட மனநோயாளிகள் தீயில் கருகிய பிறகு, பக்தி மட்டும் போதாது, மருத்துவரும் உரிமமும் கண்காணிப்பும் வேண்டும் என்று நாடு கற்றுக்கொண்டது. குணசீலம் அந்த இரண்டையும் ஒரே வளாகத்தில் வைத்துக்கொள்ள முடியும் என்று காட்டுகிறது. குடிநோய்க்கு அப்படி ஓர் இடம், மண்டலம் முடிந்த பிறகும் கையை விடாத இடம், இந்த ஆற்றங்கரையில் இருக்கக் கூடாதா?

உறையூர் மல்லன் உறங்காவில்லி, மனைவி பொன்னாச்சியின் கண்ணழகில் கிறங்கி, திருவிழாக் கூட்டத்தில் அவளுக்குக் குடை பிடித்துப் பின்னாலேயே நடந்தவன். ராமானுஜர் அவனைத் திட்டவில்லை. இதைவிட அழகான கண் காட்டினால் பார்ப்பாயா என்று கேட்டுக் கூட்டிக்கொண்டு போனார். அதன்பின் அவர் தள்ளாத வயதில் காவிரிக்குக் குளிக்கப் போகும்போது சீடர் முதலியாண்டானின் கையைப் பிடித்துக்கொண்டு போவார், குளித்துத் திரும்பும்போது உறங்காவில்லி தாசரின் கையைப் பிடித்துக்கொண்டு வருவார் என்பது வழக்கு. இதில் சாதிக் கர்வத்துக்கு ஆசாரியர் வைத்த அடியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். இன்னொன்றும் அதில் இருக்கிறது. போகும்போதும் வரும்போதும் அவருக்கு ஒரு கை தேவைப்பட்டது. மாலை கழற்றிய மறுநாள் காலை நாலு மணிக்கு, படித்துறையில் நேற்றுவரை முழுகிய ஆளை எழுப்ப யாரும் வருவதில்லை. கடை பன்னிரண்டு மணிக்குத்தான் திறக்கும். நடுவில் எட்டு மணி நேரம் இருக்கிறது.